ஒரு பக்கம் இருட்டு இருக்கட்டும், கண்ணைக் கவனியுங்கள்

பாதியில் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நெசவாளரான தன் பெரியப்பாவை, கேள்வி கேட்ட இந்த வாசகர் ஒரு வாடகை ஸ்டுடியோவில், கறுப்புத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரே ஒரு 60க்கு 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி) வைத்து எடுத்திருக்கிறார். முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், மறுபாதி ஏறக்குறைய கறுப்பு. படத்தைப் போட்டதும் யாரும் கேட்காமலேயே வரிசையாகத் திருத்தங்கள். ஃபில் லைட் (நிழல் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும் வெளிச்சம்) இல்லை, மூக்கு நிழல் உதட்டைத் தொடுகிறது, கண்ணில் கேட்ச்லைட் (கருவிழியில் மின்னும் வெளிச்சப் புள்ளி) இல்லை, தலை பின்னணியோடு கலந்துவிட்டது, சாஃப்ட்பாக்ஸ் போட்டும் நிழல் முரடாக இருக்கிறது. ஒருவர் படத்தை இறக்கி, வெளுப்பாக்கி, "இப்ப பாருங்க" என்று திருப்பியும் போட்டிருக்கிறார். போதாக்குறைக்கு இவருடைய போட்டோ கிளப்பில் மூத்தவர் ஒருவர், "அடிப்படை தெரியாமல் ஸ்டைல் பேசக் கூடாது தம்பி" என்று எழுதிவிட்டார். லைட்டிங் நிஜமாகவே தப்பா, இவர்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார்.

லைட்டிங் தப்பில்லை. வந்த திருத்தங்களில் ஒன்று முழுக்கச் சரி, இரண்டு பாதி சரி, மற்றவை ஆரம்பப் பாடத்தை ஒப்பித்தல். எது எது என்று நீங்களே பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கான கோபம் பாதி தானாகவே இறங்கிவிடும், அதனால் லைட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மூக்கு நிழல் பற்றி எழுதியவர் உங்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது என் சந்தேகம். லைட்டை முகத்துக்கு ஒரு 40, 45 டிகிரி பக்கவாட்டில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் மூக்கின் நிழல் ஒரு சின்ன வளைவாகக் கன்னத்தில் விழும். இதை லூப் என்பார்கள். இந்த அமைப்பைச் சொல்லித்தரும்போதுதான் நிழல் உதட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்கள். லைட்டை இன்னும் ஓரமாக நகர்த்தினால் மூக்கு நிழலும் கன்னத்து நிழலும் ஒன்றாகி, இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும், அது ரெம்ப்ராண்ட். நேர் எதிரே உயரத்தில் வைத்தால் மூக்குக்கு நேர் கீழே பட்டாம்பூச்சி மாதிரி நிழல் விழும். 1930களின் ஹாலிவுட் நடிகைகளை இப்படித்தான் அதிகம் எடுத்தார்கள், பாரமவுண்ட் என்ற சினிமா ஸ்டுடியோவின் பேரில் பாரமவுண்ட் லைட்டிங் என்ற பேர் அப்படி வந்தது. முழுக்க 90 டிகிரிக்குப் போனால் ஸ்ப்ளிட், முகம் நடுக்கோட்டில் இரண்டாகப் பிரியும். உங்களுடையது இதுதான். ஸ்ப்ளிட்டில் மூக்கு நிழல் என்று தனியாக ஒன்று கிடையாது, அந்தப் பாதி முழுவதுமே நிழல். உதட்டின் பாதி இருட்டில் இருந்தே தீரும். ஆக, ஒரு அமைப்பின் விதியை வேறு ஒரு அமைப்பின் மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கேட்காமல் வரும் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான், ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் எங்கே பார்த்தாலும் கண்ணில் படும்.

ஃபில் லைட் விஷயம் பாதி சரி. இருண்ட பக்கம் வெளிச்சப் பக்கத்தைவிட இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும்) இறங்கினால் கண், கன்னம், தாடி எல்லாம் தெரியும். மூன்றுக்கு மேல் இறங்கினால் பார்ப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். நீங்கள் ஊகிக்க விட்டிருக்கிறீர்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று கவனியுங்கள். படத்தை நீங்கள் சரிபார்த்தது ராத்திரி, இருட்டு அறையில், கம்ப்யூட்டர் திரையில். அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பகலில், பஸ்ஸிலோ டீக்கடையிலோ, பேட்டரி மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்த போனில் பார்த்திருப்பார்கள். உங்கள் திரையில் மெலிதாகத் தெரிந்த காதும் தாடை விளிம்பும் அவர்கள் திரையில் இல்லவே இல்லை. "ஒண்ணுமே தெரியல" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. இருட்டுப் படங்களைப் போடுவதற்கு முன்னால் போனின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வாசலில் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதிலும் அந்தத் தாடை விளிம்பு தெரிய வேண்டும் என்று நினைத்தால் இன்னொரு லைட்டெல்லாம் தேவையில்லை, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மாகோல் அட்டை போதும். நிழல் பக்கத்தில் மூன்றடியில் நிறுத்தினால் லேசாகத் தூக்கும், ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால் நன்றாகவே தூக்கும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே நாலு படம் எடுத்துப் பாருங்கள், ஃபில் பற்றிப் புத்தகத்தில் உள்ளதெல்லாம் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் எடுத்தால் நீங்கள் வேண்டாம் என்றாலும் சுவரே ஃபில் அடித்துவிடும், அப்போது நிழல் பக்கத்தில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால்தான் இந்த இருட்டு கிடைக்கும்.

இப்போது அந்த முழுக்கச் சரியான ஒன்று. கண்.

பெரியப்பாவின் இருண்ட பக்கத்துக் கண்ணில் வெளிச்சப் புள்ளி இல்லாததைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் வெளிச்சப் பக்கத்துக் கண்ணிலும் இல்லையே! படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், புருவத்தின் நிழல் இமைக்கு மேல் ஒரு கூரை போல இறங்கி, கருவிழி மங்கிய சாம்பலாகக் கிடக்கிறது. நெற்றிச் சுருக்கமும் கன்ன எலும்பும் பளிச்சென்று இருக்க, நடுவில் கண் மட்டும் அணைந்திருக்கிறது. வயதானவர்களுக்குக் கண்குழி ஆழம், புருவ எலும்பு முன்னால் வந்திருக்கும். இளைஞர்களுக்கு வைக்கும் உயரத்தில் லைட்டை வைத்தால் வெளிச்சம் புருவத்தோடு நின்றுவிடும். இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது, வெளிச்சம் அளக்கும் எந்த மீட்டரும் வேண்டாம். லைட் இருக்கும் இடத்துக்குப் போய், உங்கள் தலையை சாஃப்ட்பாக்ஸின் நடுப்பகுதிக்கு முன்னால் வைத்து, அங்கிருந்து அவர் முகத்தைப் பாருங்கள். அங்கிருந்து அவருடைய கருவிழி உங்களுக்குத் தெரிந்தால் வெளிச்சத்துக்கும் கருவிழி தெரியும். தெரியவில்லை என்றால் வெளிச்சமும் போகாது. ஸ்டாண்டை இறக்குங்கள். உங்கள் படத்துக்கு ஓரடி இறக்கி, லைட்டை ஒரு பத்து பதினைந்து டிகிரி முன்னால் கொண்டுவந்திருந்தால் போதும், ஸ்ப்ளிட் கெடாமல் கண்ணும் உயிரோடு வந்திருக்கும். அல்லது தலையை அசைக்காமல் பார்வையை மட்டும் கொஞ்சம் லைட் பக்கம் திருப்பச் சொல்லலாம், தறியில் உட்கார்ந்து பழகிய மனிதருக்கு அது சிரமமே இல்லை.

கேட்ச்லைட் பற்றி எழுதியவர் என்ன காரணத்துக்காக எழுதினாரோ தெரியாது, "கேட்ச்லைட் மஸ்ட்" என்று ஒரு வரிதான் போட்டிருக்கிறார், ஒருவேளை அவரும் பாடத்தைத்தான் ஒப்பித்திருப்பார். இருந்தாலும் அவர் விரல் வைத்த இடம் சரி. கேட்காமல் வருவதை மொத்தமாகத் தள்ளிவிடுகிறேன் என்று சிலர் கிளம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போவது இதனால்தான். நோயாளி வலி எங்கே என்று சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும், மாத்திரையின் பேரையும் அவரே சொல்லும்போதுதான் பிரச்சினை. "ஃபில் போடுங்கள்" என்பது மாத்திரை. "அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பது வலி. திருத்தத்தைப் படிக்கும்போது மருந்துப் பேரை அடித்துவிட்டு, இந்த ஆளின் பார்வை என் படத்தில் எங்கே போய் முட்டிக்கொண்டது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிழல் முரடாக இருக்கிறது என்றவரும் பாதி சரி. பார்த்தது சரி, அது குறை என்பதுதான் அவருடைய கூடுதல். சாஃப்ட்பாக்ஸ் என்று பேர் வைத்ததால் மட்டும் வெளிச்சம் மென்மையாகிவிடாது. முகத்திலிருந்து பார்க்கும்போது லைட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. உங்கள் பெட்டியின் மூலைவிட்டம் சுமார் 108 சென்டிமீட்டர், அதாவது மூன்றரை அடி. பெட்டியின் மூலைவிட்டம் எவ்வளவோ அந்தத் தூரத்துக்குள் வைத்தால்தான் அதன் மென்மை முழுதாகக் கிடைக்கும் என்பது ஸ்டுடியோக்காரர்களின் கைக்கணக்கு. நீங்கள் எட்டடியில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் அது ஒரு சின்ன ஜன்னல்தான், நிழலின் விளிம்பு கத்தியாக வரத்தான் செய்யும். பெரியப்பாவின் முகத்துக்கு அது எனக்குப் பிடித்திருக்கிறது. கன்னத்துத் தோலின் சொரசொரப்பு அந்த வெளிச்சத்தில்தான் தெரிகிறது, மூன்றடிக்குக் கொண்டுவந்திருந்தால் கொஞ்சம் வழவழத்துப் போயிருக்கும். ஒரு சின்னக் குழந்தையை எடுக்கும்போது இதே எட்டடியில் வைத்தால் நானே உங்களிடம் வந்து கேட்பேன். மென்மையே வேண்டும் என்கிறவர்கள் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார் என்று தேடிப் பார்க்கலாம். 1956-ல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியின் மேல் அடித்து, வானத்திலிருந்து இறங்குகிற மாதிரி வெளிச்சத்தை வரவழைத்தார். நம்முடைய தெர்மாகோல் வித்தைகள் எல்லாமே அந்த வம்சம்தான்.

தலை பின்னணியோடு கலந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம் என்றால் தலைமுடி விளிம்பில் படுகிற மாதிரி பின்னாலிருந்து ஒரு ஹேர் லைட், அல்லது கறுப்புக்குப் பதில் சாம்பல் பின்னணி. இன்னொரு லைட் வாங்காமல் பின்னணியின் அடர்த்தியை மாற்றவும் வழியுண்டு. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் குறையும். லைட்டிலிருந்து முகம் மூன்றடி, சுவர் ஒன்பதடி என்று வைத்தால் சுவருக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் போகும், மூன்று ஸ்டாப்புக்கும் மேலே இறங்கிவிடும், வெள்ளைச் சுவரே அடர் சாம்பலாகிவிடும். அதே சுவரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் வெள்ளையாக நிற்கும். ஒரே லைட், ஒரே சுவர், இடம் மட்டும் வேறு. உங்கள் படத்தில் தலை கலந்துபோனது எனக்கு உறுத்தவில்லை.

சரி, படத்தை வெளுப்பாக்கித் திருப்பிப் போட்டவர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஸ்டாப்புக்குக் குறையாமல் ஏற்றி, நிழல்களையும் தூக்கிவிட்டிருக்கிறார். விளைவு, உங்கள் படத்தில் நெற்றியில் இருந்த சுருக்கங்கள் அவர் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டாகிவிட்டன. கறுப்புத் துணி அழுக்குச் சாம்பலாகி, துணியின் மடிப்பு தெரிகிறது. பெரியப்பாவின் தோல் நிறம் போய் ஒரு வெளிறிய மஞ்சள் வந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் முன்னேற்றம் என்று மனதார நம்புகிறார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம்முடைய ஊர் ஸ்டுடியோக்கள் நம் எல்லோருடைய கண்ணையும் பழக்கிய விதம் அப்படி. இரண்டு பக்கமும் வெளிச்சத்தைப் பரப்பும் இரண்டு அம்ப்ரெல்லா, இரண்டும் 45 டிகிரி, இரண்டும் ஒரே அளவு வெளிச்சம். பாஸ்போர்ட் படத்துக்கு நிழலே விழக் கூடாது, அதற்காக அமைத்தது அது. யார் வந்து உட்கார்ந்தாலும் இரண்டு நிமிஷத்தில் முடித்து அனுப்பலாம் என்பதால் கல்யாண ஜோடிக்கும், காதுகுத்துக் குழந்தைக்கும், பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கும் அதே அமைப்பே நின்றுவிட்டது. அதற்கு மேல் டச்-அப். "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பண்ணுங்க" என்று கேட்காத வாடிக்கையாளரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். "முகம் இருட்டா இருக்கு" என்ற திருத்தத்தில் எத்தனை வெளிச்சத்தைப் பற்றியது, எத்தனை நிறத்தைப் பற்றியது என்று யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டுப் படங்களில், ஷெர்லி கார்டு என்பார்கள், 1950களில் இருந்து பல காலம் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தார்கள். பிரிண்ட் போடுகிறவர் அந்தத் தோல் சரியாக வருகிறதா என்று பார்த்து மெஷினைத் திருப்புவார், கறுத்த முகங்கள் எப்படி வந்தாலும் சரி. பல நிறத்தவரும் சேர்ந்து நிற்கும் கார்டு வந்தது 1990களில்தான்.

கறுத்த தோலை எடுக்க வெளிச்சத்தை ஏற்றுவது வழியே அல்ல. அந்தத் தோல் உருவம் காட்டுவது அதன் மேல் விழுந்து திரும்பும் பளபளப்பில். லைட்டின் பிம்பம் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நெற்றி ஓரத்திலும் ஒரு நீண்ட மினுக்கமாகத் தெரிகிற கோணத்தைத் தேட வேண்டும். லைட் பெரிதாக இருந்தால் மினுக்கம் அகலமாக, இதமாக வரும். சின்னதாக இருந்தால் புள்ளி புள்ளியாக எண்ணெய் வழிவது போல வரும். பவுடர் போட்டு மினுக்கத்தை அடக்கிவிட்டு, அப்புறம் முகம் தட்டையாக இருக்கிறதே என்று எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஏற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. இன்னொன்று, கேமராவின் மீட்டரும் போனின் ஆட்டோவும் எதிரே இருப்பதையெல்லாம் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்புப் பின்னணியும் கறுத்த முகமும் இருந்தால் இரண்டையும் தூக்கிச் சாம்பலாக்கிவிடும். அதனால் கையில் பிடித்துப் பார்க்கும் மீட்டர் இருந்தால் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்து, அதை அப்படியே வைத்துவிடுங்கள். முகம் நடுச்சாம்பலுக்குக் கொஞ்சம் கீழே விழுந்தால் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் படத்தில் பெரியப்பாவின் கன்ன எலும்பில் அந்த மினுக்கம் இருக்கிறது, எக்ஸ்போஷரும் சரி. எடிட் செய்தவர் முதலில் கொன்றது அதைத்தான்.

அவருக்கு என்ன பதில்? ஒரே வரி. "அவர் நிறம் இதுதான், அப்படியே இருக்கட்டும்." அதற்கு மேல் விவாதம் வேண்டாம். அனுமதி இல்லாமல் அடுத்தவர் படத்தை எடிட் செய்து பொதுவில் போடுவது முறையல்ல, எடுத்துவிடச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். முகம் உங்கள் வீட்டுப் பெரியவருடையது, அந்தக் காரணமே போதும்.

விதியை வைத்து அடிக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஜூலியா மார்கரெட் கேமரன் நினைவு வரும். கல்கத்தாவில் 1815-ல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் நிலக்கரி போடும் கொட்டகையை டார்க் ரூமாக்கி, கோழிக் கூண்டாக இருந்த கண்ணாடி அறையை ஸ்டுடியோவாக்கி எடுத்த படங்கள். பெரிய முகங்கள், ஒரு பக்க வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு, ஃபோகஸ் வேண்டுமென்றே மெலிதாக. அன்றைய போட்டோகிராஃபி இதழ்கள் அவரைக் கிழி கிழியென்று கிழித்தன. துணிச்சல் இருக்கிறது, மற்ற எந்தத் தகுதியும் இல்லை என்கிற தொனியில் எழுதினார்கள். நண்பரும் விஞ்ஞானியுமான ஜான் ஹெர்ஷலுக்கு 1864 கடைசியில் எழுதிய கடிதத்தில், ஃபோகஸ் என்றால் என்ன, எது முறையான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை என்று அவர் கேட்டது பிரபலம்.

எல்லோரும் அந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள், கையைத் தட்டுவார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1869-ல் தன்னுடைய கண்ணாடி நெகட்டிவ்களில் தேன்கூடு போல வெடிப்புகள் வர ஆரம்பித்தபோது, அப்படிக் கிழித்த வட்டாரத்தின் சங்கமான போட்டோகிராஃபிக் சொசைட்டிக்கே நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு போய், இது ஏன் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். ஃபோகஸ் பற்றி அவர்கள் கேட்காமல் சொன்னதை வாங்கிக்கொள்ளவில்லை. வார்னிஷும் ரசாயனமும் பற்றித் தானே போய்க் கேட்டார். எந்த விஷயத்தில் யாரிடம் கேட்பது என்ற தெளிவு இருந்தது. (1875-ல் கணவருடைய காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கே குடிபெயர்ந்தார். களுத்துறையிலும் சில படங்கள் எடுத்தார். 1879-ல் மலையகத்தில் இறந்தார், கல்லறை போகவந்தலாவையில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்துப் படத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

இன்னொரு பக்கம், ஆர்னால்ட் நியூமன் 1963-ல் ஜெர்மன் ஆயுதத் தொழிலதிபர் ஆல்ஃப்ரீட் க்ருப்பை எசெனில் அவருடைய தொழிற்சாலையிலேயே எடுத்த படத்தைப் பாருங்கள். முகத்தின் இரண்டு ஓரத்திலிருந்தும் லைட். அப்படி வைத்தால் முகம் பேய் மாதிரி வரும் என்பார்கள். நியூமன் யூதர். போரின்போது அடிமைத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கிய குற்றத்துக்காக நியூரம்பர்க்கில் தண்டனை பெற்றவர் க்ருப். பேய் மாதிரிதான் வர வேண்டும் என்று எடுத்தார், வந்தது. அதில் போய் கண்ணுக்குக் கீழே நிழல் சரியில்லை என்று எழுதினால் எப்படி இருக்கும்!

ஆனால் இந்த உதாரணங்களைக் கவசமாக மாட்டிக்கொண்டு "இது என் ஸ்டைல்" என்று கிளம்புவதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கே வேறு ஒரு ஸ்டுடியோவில், வேறு ஒரு முகத்தை உட்கார வைத்தால் இதே இருட்டை இதே அளவில் மறுபடி கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் அது நீங்கள் எடுத்த முடிவு, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முடியாது, ஸ்டாண்ட் அங்கே இருந்தது, ஒரு லைட்தான் இருந்தது, அப்படி வந்துவிட்டது என்றால் படம் நன்றாக இருந்தாலும் அது உங்களுக்குக் கிடைத்த படம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல படங்கள் நிறைய அப்படித்தான் கிடைக்கின்றன, ஆனால் வாதாடாமல் இருப்பது நல்லது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பக்க வெளிச்சம் வேண்டுமென்று வைத்தது, எட்டடி தூரமும் உயரமும் தானாக அமைந்தது என்று தோன்றுகிறது. அப்படியென்றால் இருட்டுக்காக நில்லுங்கள், கண்ணுக்காக நிற்காதீர்கள்.

கிளப் பெரியவரிடம் வேறு மாதிரி நடக்க வேண்டும். முகம் தெரியாத ஆளுக்கு ஒரு வரி போதும். இவரை அடுத்த கூட்டத்தில் பார்க்கப் போகிறீர்கள், அவர் நடுவராக உட்காரும் போட்டிக்குப் படம் அனுப்பப் போகிறீர்கள். சலூன் என்று சொல்லும் புகைப்படப் போட்டிகளில் பழகிய கண் அவருடையது. அங்கே ஒரு படத்துக்குக் கிடைப்பது சில நொடிகள், அதற்குள் மார்க் அழுத்த வேண்டும், அதனால் தெளிவான கண், பிரிந்து நிற்கும் தலை, சுத்தமான விளிம்பு இதெல்லாம் ஜெயிக்கும். அவர் சொல்லும் அடிப்படை அந்தப் பந்தயத்தின் அடிப்படை, அதற்குள் அவர் சொல்வது சரிதான். பொதுவில் மறுத்துப் பேசினால் அவருக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிடும், அப்புறம் லைட்டைப் பற்றிய பேச்சாகவே இருக்காது. "அண்ணே, பக்க லைட் வேணும்னுதான் வச்சேன், ஆனா கண்ணுல வெளிச்சம் விழாம போச்சு. அடுத்த தடவை ஸ்டாண்டை இறக்கிப் பாக்குறேன்" என்று எழுதிவிடுங்கள். பொய் இல்லை, பணிவும் இருக்கிறது, இருட்டைப் பற்றி நீங்கள் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கூட்டத்தில் பார்க்கும்போது அவருடைய பழைய பிலிம் காலத்துப் போர்ட்ரெய்ட்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடிப்படை பேசுகிற பெரியவர்கள் பலரிடம் அட்டகாசமான இருட்டுப் படங்கள் பெட்டிக்குள் கிடக்கும், நடுவர்கள் ஒதுக்கியதால் உள்ளே போனவை.

மற்ற யாருக்கும் நீளமாகப் பதில் எழுதாதீர்கள். வரிக்கு வரி விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் படத்துக்குக் கீழே படத்தைவிடப் பெரிய சண்டை ஓடும். அதே சமயம் "பெரியப்பா ஏதோ கோபமா இருக்கார் போல" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, நீங்களும் விட்டுவிட்டீர்கள். வந்ததிலேயே எனக்கு மதிப்பாகப் பட்டது அதுதான். லைட், ஸ்டாப், ஃபில் எதுவும் தெரியாத ஒருவர், தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா கோபக்காரர் இல்லை என்றால், அணைந்த கண்ணும் கத்தி நிழலும் சேர்ந்து அவரைக் கோபக்காரராக்கிவிட்டன என்று அர்த்தம். நீங்கள் காட்ட நினைத்தது அதுவா? அப்படி எழுதியவரிடம் திரும்பிப் போய், எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். இனிமேல் படம் போடும்போதே நீங்களாகக் கேட்டுவிடுவதும் நல்லது. எப்படி இருக்கு என்று பொதுவாகக் கேட்காமல், "கண் என்ன சொல்லுது" என்று ஒரே ஒரு கேள்வி. குறிப்பாகக் கேட்டால் பதிலும் குறிப்பாக வரும். எதுவுமே வேண்டாம் என்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதிவிடலாம், கொஞ்சப் பேராவது மதிப்பார்கள்.

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வாடிக்கையாளர் இருட்டு என்று சொன்னால் இந்தப் பேச்சு எதுவும் செல்லாது. மறு பேச்சில்லாமல் ஃபில் போட்டு எடுத்துக் கொடுங்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பெரியம்மா இதை ஹாலில் மாட்ட மறுத்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். கறுப்புப் பின்னணியில் பாதி முகம் உள்ள படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினால், உயிரோடு இருப்பவருக்கு மாலை மட்டும்தான் பாக்கி என்று அவருக்குத் தோன்றினால் அதை ரசனைக் குறைவு என்று சொல்ல முடியாது. அடுத்த முறை பெரியப்பாவை அழைத்துப் போகும்போது இரண்டு செட் எடுங்கள். முதலில் சாம்பல் பின்னணி, லைட்டை 45 டிகிரிக்குக் கொண்டுவந்து மூன்றரை அடியில் வைத்து, மறுபக்கம் தெர்மாகோல், அவர் சிரிக்கும்போது வீட்டுக்கு நாலு படம். அப்புறம் தெர்மாகோலை எடுத்துவிட்டு, கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, லைட்டைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, ஸ்டாண்டை ஓரடி இறக்கி, அங்கே போய் நின்று கருவிழி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு உங்களுக்கான படம். வரிசையை மாற்றிவிடாதீர்கள். அந்த வயதில் முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள், சிரிப்பு முதல் பத்து நிமிஷத்தில்தான் கிடைக்கும்.